அசையாமல் உட்கார்ந்திருந்த எலிகள்

ஓய்வு பெற்று வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் வந்து, "மேடம், புதுசா சேந்திருக்கற எங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். எதை எதிர்பார்த்துக் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். மூளையை எப்படிச் சீவினால் கிழியாது, சாயம் எப்போது மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது. அதெல்லாம் பாட்டில் மேலேயே ஒட்டியிருக்கிறது, கண் இருப்பவர்கள் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது வேறு. எழுத உட்கார்ந்ததுமே முகம் சுடுகிறது. இந்த வயதில் இன்னும் சுடுகிறதே என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பி.எச்டிக்குப் பதிவு செய்தேன். மகள் பிளஸ் டூ, அம்மா பி.எச்டி. வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மேசை. யார் முதலில் உட்கார்வது என்று தினமும் சண்டை. எத்தனையோ முறை அவள்தான் ஜெயித்தாள்; நான் சமையல் மேடையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தேன்.

என் ஆராய்ச்சி இதுதான்: திடீரென்று ஒரு பயம் வந்தால் மூளையின் செல்லுக்குள் என்ன நடக்கிறது? எலியை அதன் உடம்பு மட்டும் அடங்குகிற குழாய்க்குள் கொஞ்ச நேரம் வைப்போம். வலிக்காது, ஆனால் திரும்ப முடியாது. அதற்குப் பயம் வந்துவிடும். வந்ததும் மூளையின் அடிப்பகுதியில், நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஒரு சின்னச் செல் கூட்டம் விழித்துக்கொள்ளும். அந்தச் செல்களின் உட்கருவில் சும்மா கிடந்த ஒரு மரபணு எழுந்து ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும். அந்தப் புரதம் உடனே தெரியாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உட்கரு நிறையச் சேரும். அப்போது மூளையை எடுத்துச் சீவிச் சாயம் ஏற்றினால், பயந்த செல் ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதற்கு நீளமான பெயர் உண்டு; நாங்கள் புள்ளி என்றே சொல்வோம். அந்தப் புள்ளி சொல்வது இப்போது நடப்பதை இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அந்த எலிக்கு என்ன நேர்ந்தது என்பதை.

குழாய்க்குள் போகாத எலிகளும் உண்டு. அவை கன்ட்ரோல். அவற்றை யாரும் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. சோதனை நடக்கும் காலையில் அவற்றின் கூண்டில் விரித்த உமியை மாற்றுவதுகூடக் கிடையாது. அவற்றின் மூளையில் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும்.

என் கன்ட்ரோல் எலிகளின் மூளையில் புள்ளி எள்ளைக் கொட்டியதுபோல இருந்தது.

ஒரு தடவை என்றால் சாயத்தைக் குறை சொல்லலாம். மறுபடி செய்தேன், மறுபடியும் அதே. மூன்றாம் முறையும் அதே. எங்கள் துறைத் தலைவரைப் பெரிய சார் என்போம். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னம்மா இது? சும்மா உக்காந்திருந்த எலிக்கு எதுக்கு இவ்ளோ புள்ளி? அதுக்கு என்ன, பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணணும்னு கவலையா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பெரிய சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். "பாக்கணும்னு நெனச்சத பாக்காத, இருக்கறத பாரு" என்று மண்டையில் தட்டாத குறையாகச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் கோபம் வந்தால் குரல் காரிடார் முழுக்கக் கேட்கும். இன்னொரு பழக்கமும் உண்டு. ராகுகாலத்தில் எந்தச் சோதனையையும் ஆரம்பிக்க விடமாட்டார். மூளை நரம்பு பற்றி நான்கு மணி நேரம் பேசுகிற மனிதர், பஞ்சாங்கம் பார்க்காமல் ஓர் எலியை எடுக்க மாட்டார். ராகுகாலம் முடிந்ததும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு எலிகளை வைத்திருக்கிற அனிமல் ஹவுசுக்கு அவரே வருவார். கதவை ஒட்டின அலமாரியில்தான் கன்ட்ரோல் கூண்டுகள். அவற்றின் முன்னால் நின்று, குனிந்து, ஒவ்வொரு கூண்டின் மேலும் கை வைத்து, "ம், ஆரம்பிங்க" என்பார். ஆசீர்வாதம் மாதிரி. அப்புறம்தான் நாங்கள் குழாயை எடுப்போம்.

அந்த நேரத்தில் கன்ட்ரோல் எலிகள் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருக்கும். மூக்குகூட ஆடாது. "பாத்தியாம்மா, எவ்ளோ அமைதியா இருக்குது" என்று அவர் பெருமையோடு சொல்வார். "ஆமா சார்" என்பேன். பயத்தில் உறைந்துபோன எலியைப் பார்த்து அமைதியான எலி என்று சொன்ன இரண்டு பேர் நாங்கள். இரண்டு பேரும் பாடம் நடத்துவது பயத்தைப் பற்றி! இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மூன்றாம் முறையும் புள்ளி வந்த மறுநாள் பெரிய சார் நேராக அனிமல் ஹவுசுக்குள் வந்தார். நானும் பின்னால் ஓடினேன். அங்கே லூர்தக்கா கூண்டு கழுவிக்கொண்டிருந்தார். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், உமி எல்லாம் அவர் பொறுப்பு. ஒப்பந்த வேலை. நெட்டப்பாக்கத்தில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருதான் அவருக்கு. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வாய்த்துடுக்கு அதிகம். கணவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். அக்கா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதுவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏம்மா, எக்ஸ்பெரிமென்ட் நடக்கற அன்னிக்குக் கன்ட்ரோல் கூண்டத் தொடாதன்னு சொன்னனா இல்லையா?"

"தொடலியே சார்."

"தொடாமதான் அதுங்க மூளை இப்படி இருக்கா? உமி மாத்தினியா? கூண்ட இழுத்தியா? வாளியப் போட்டு உருட்டினியா?"

"நான் இன்னாத்துக்கு சார் உருட்டப் போறேன்? அந்தப் பக்கமே போவல. தோ, மேடமும் இங்கதான இருந்தாங்க. அவங்களயே கேளுங்க."

பெரிய சார் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. இவங்க தொட்டாங்களா, இல்லையா?"

தொடவில்லை. மூன்று நாளும் நான் அங்கேதான் இருந்தேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு எதிர்ச் சுவர் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தும்மல் வந்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தவர். நான் என் கண்ணால் பார்த்தேன்.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'இல்லை சார்.' அவ்வளவுதான். வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதில் என் இதயம் அடிப்பது மட்டும் கேட்டது. அவர் முகம் தெரிகிறது, உதடு அசைவது தெரிகிறது, நான் கம்பம் மாதிரி நிற்கிறேன்.

அப்போது என் தலைக்குள் நடந்ததை உங்களுக்கு வரிசையாகச் சொல்ல என்னால் முடியும். மூளைத்தண்டில் நீலப்புள்ளி என்று ஓர் இடம் இருக்கிறது. பயம் வந்ததும் அங்கிருந்து நார்அட்ரினலின் மூளை முழுக்கப் பாயும். அளவோடு பாய்ந்தால் சுறுசுறுப்பு. அளவு மீறினால் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற செல்களில், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடத்திலேயே சின்னச் சின்ன வாசல்கள் திறந்துகொள்ளும். உள்ளே வர வேண்டிய சேதி அந்த வாசல் வழியாக ஒழுகிப் போய்விடும். பக்கத்துச் செல் கூப்பிடுவது இந்தச் செல்லுக்குக் கேட்காது. யோசிக்கிற இடம் கொஞ்ச நேரம் ஊமையாகிவிடும். பழைய மூளை மட்டும் வேலை செய்யும். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓடு, பாய், இல்லாவிட்டால் அசையாமல் நில். இதை வருஷா வருஷம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு நடத்தினேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஊமையாக நின்ற அந்த நேரத்திலும் ஒரு மூலையில் ஒரு கணக்கு ஓடியது. அக்கா தொடவில்லை என்றால், பிறகு யார்? அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதானே? அடுத்த மாதம் கமிட்டி உட்கார்ந்து என் பதிவைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறது. நாற்பத்து மூன்று வயதில் இது போனால் திரும்பக் கிடைக்காது.

"ம்" என்றார் பெரிய சார். என் மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். "நல்ல வேலை பாத்தீங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம். வேற ஆளப் போடச் சொல்றேன்."

லூர்தக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "மேடம்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் உமி சிந்தியிருந்தது.

அக்கா கையைக் கழுவி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சத்தம் போடவில்லை. அவ்வளவு வாய் இருக்கிற மனுஷி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு. வில்லியனூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் நெருங்கிக்கொண்டிருந்தது, பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். எங்கள் பக்கம் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் ஒருத்தரும் வரமாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு வைத்துக் கூப்பிட வேண்டும். முதல் பத்திரிகை பெரிய சாருக்கு என்று காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனோம்.

அவருடைய மனைவி காபி கொண்டுவந்தார். பெரிய சார் லுங்கியோடு, வீட்டு மனிதராக, சிரித்த முகமாக இருந்தார். "வீட்டுக்குப் பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டை நீட்டப் போனேன். பக்கத்து நாற்காலியில் அவருடைய வெள்ளைக் கோட்டு கிடந்தது. கோட்டின் மேல் கொழுகொழுவென்று ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. சாம்பல் நிறம். காதை மட்டும் ஒரு தரம் ஆட்டியது.

"தள்ளும்மா அத" என்றார் அந்த அம்மா. "எத்தனை மெத்தை போட்டுக் குடுத்தாலும் படுக்காது. சாரோட கோட்டுதான் வேணும். தெனம் காலைல அதுகூட சண்ட போட்டுத்தான் கோட்ட உருவிகினு போறாரு."

பெரிய சார் செல்லமாகச் சிரித்தார். நான் தட்டை நீட்டாமல் அந்தக் கோட்டையே பார்த்தேன்.

கோட்டு, பூனை, ராகுகாலம், கதவை ஒட்டின அலமாரி, குனிந்து கூண்டின் மேல் வைக்கிற கை, அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம். ஒரு நொடியில் எல்லாம் வரிசையாக நின்றது. ஓர் எலி பிறந்ததிலிருந்து பூனையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. அந்த வாடை போதும். கூண்டில் வளர்ந்த எலிக்கும் மூளை அதைப் பிறக்கும்போதே தெரிந்து வைத்திருக்கிறது. சோதனை நடந்த ஒவ்வொரு நாளும் என் கன்ட்ரோல் எலிகளின் மூக்குக்கு முன்னால் பூனையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அமைதியா இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த அறைக்குள் யார் யார் வந்தார்கள் என்று ஆயிரம் தரம் யோசித்திருக்கிறேன். பெரிய சாரை அந்தக் கணக்கில் சேர்க்கவே தோன்றவில்லை. மின்விசிறியைச் சேர்ப்போமா? அப்படித்தான்.

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அந்த நிமிஷமே. ஆனால் எப்படிச் சொல்வது? கையில் வெற்றிலைத் தட்டு. அவர் வீட்டு ஹால். அவர் மனைவி பக்கத்தில். 'சார், உங்க மேல வாடை அடிக்குது' என்று எந்த வாயால் சொல்வது? நம் ஊரில் கூடப் பிறந்தவனிடம்கூட அப்படிச் சொல்ல முடியாது.

"பூனை அழகா இருக்குது மேடம்" என்றேன். இதுதான் நான் சொன்னது! செருப்பைக் கழற்றி என்னையே நான் அடித்துக்கொண்டிருக்கலாம்.

அங்கிருந்து சொந்தக்காரர்களைக் கூப்பிட நெட்டப்பாக்கம் கிளம்பினோம். மதகடிப்பட்டு ஜங்ஷனில் பழம் வாங்க வண்டியை நிறுத்தினார் என் வீட்டுக்காரர். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் லூர்தக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மருந்துக்கடைப் பை. வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் நான் பழக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாழைத்தாருக்குப் பின்னால், நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை, பட்டுப்புடவையோடு.

"இன்னா, பேயப் பாத்தாப்புல நிக்கற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

பஸ் வந்து அக்கா ஏறிப் போன பிறகுதான் வெளியே வந்தேன். பிள்ளைகளே, அனிமல் ஹவுசில் பேசாமல் நின்றதற்குக்கூட மூளை, செல், நார்அட்ரினலின் என்று ஏதாவது சொல்லலாம். பழக்கடைக்கு எது? அங்கே எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. நிழல் இருந்தது. உண்மையும் கையில் இருந்தது. ஒளிந்துகொண்டேன்.

கமிட்டி நாள் வந்தது. வெளியூரிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள், ஒரு பெரியவர், ஒரு அம்மா. துறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசி முடித்ததும் பெரிய சார் எனக்காகவே எழுந்து நின்றார். "கன்ட்ரோல்ல ஒரு சிக்கல் வந்துச்சு. அனிமல் ஹவுஸ்ல வேல பாத்த ஒரு பொம்பளையோட அஜாக்கிரதை. ஆள மாத்தியாச்சு. திரும்பப் பண்ணச் சொல்லியிருக்கேன். இவங்க நல்ல வொர்க்கர். டைம் குடுக்கலாம்" என்றார்.

பாருங்கள், என்னைக் காப்பாற்றத்தான் பேசினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்தது. புது எலிகள் வரும், நான் எப்படியாவது பெரிய சாரை உள்ளே வராமல் பார்த்துக்கொள்வேன், கன்ட்ரோல் சுத்தமாக வரும். ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது, அவள்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். சோதனையே அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும்.

வெளியூர் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கேட்டார். "அந்த வொர்க்கர் கூண்ட டிஸ்டர்ப் பண்ணினத நீங்க நேர்ல பாத்தீங்களா?"

மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் நாக்கு ஒட்டியது, காதில் அதே அடி. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மூச்சு இழுத்தேன். இன்னொன்று இழுத்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இல்ல" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "அவங்க தொடல. நான் அங்கதான் இருந்தேன். அவங்க தொடவே இல்ல."

"அப்ப வேற என்ன காரணம்?"

அழகாகச் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்தேன். 'வெளிப்புற வாசனைக் காரணி' என்றெல்லாம். அதெல்லாம் காற்றில் போய்விட்டது. "பூனை" என்றேன்.

"எது?"

"சாரோட கோட்டுல... பூனை வாடை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரிய சார் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறந்தார், மூடினார். ஒரு வார்த்தை வரவில்லை அவருக்கு. காரிடார் முழுக்கக் கேட்கிற குரல்! குனிந்து தன் கோட்டின் கையைப் பார்த்தார். இரண்டு விரலால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிறத்தில் ஒரு மயிர்.

எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. என் குருவை ஊர் நடுவில் நிற்கவைத்து நாற அடித்துவிட்டேன் என்று கூசியது. அவர் வீட்டு ஹாலில் தனியாகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. நேரத்தில் சொல்லாதவள் நேரம் கெட்ட நேரத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அது இன்னொருவரையும் சேர்த்து இழுத்துப் போடுகிறது.

அவர் கோட்டைக் கழற்றினார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"வச்சுப் பாருங்க. சலவை பண்ணின கோட்டு ஒண்ணும் வச்சுப் பாருங்க. இருக்கறத சொல்லுங்க." அவ்வளவுதான் பேசினார்.

வைத்துப் பார்த்தோம். சலவைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எலிகளின் மூளை துடைத்துவிட்டதுபோல இருந்தது. அவருடைய கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தவற்றில் எள்ளைக் கொட்டியதுபோலப் புள்ளி. பெரிய சார் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் நேராக ஆபீசுக்குப் போய், லூர்தக்காவைத் திரும்ப எடுக்க வேண்டும், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவு பேர் முன்னால் அவமானப்பட்ட மனிதர் ஒரே நாளில் தன் தப்பைச் சரி செய்தார். ஒன்றும் தெரியாமல் செய்த தப்பு அது. நான் தெரிந்தே நின்றவள்.

"பியூன அனுப்பிச் சொல்லச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"நான் போறேன் சார்" என்றேன்.

லூர்தக்கா வீட்டு வாசலில் சாக்கு விரித்து, விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் மல்லாட்டை. கூலிக்கு எடுத்து வந்திருக்கிறார் போல, இரண்டு மூட்டை பக்கத்தில் இருந்தது. கட்டைவிரல் நகம் தேய்ந்து சிவந்திருந்தது.

"வாங்க மேடம். இன்னா, வழி தெரியாம வந்துட்டீங்களா?"

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டு, பூனை, கமிட்டி, சோதனை, பெரிய சார் ஆபீசில் சொன்னது. அக்கா உடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்போ பூனை பண்ணத்துக்கு நான் வூட்டுக்கு வந்தேன்" என்றார்.

"ஆமாக்கா."

"சரி. சாருக்குத் தெரியாது, கத்தினாரு. உங்களுக்குத் தெரியுமே. நான் ஸ்டூல வுட்டு எந்திரிக்கலன்னு நீங்க பாத்துகினுதான இருந்தீங்க. ஏன் மேடம் வாயத் தொறக்கல?"

இதைக் கேட்பார் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். பதிலும் வைத்திருந்தேன். அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று வண்டியில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். "அது வந்துக்கா... திடீர்னு பயம் வந்தா மூளையில ஒண்ணு நடக்கும். யோசிக்கற எடத்துல இருக்கற செல்லுங்க அப்படியே நின்னுபூடும். ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்காது. வாய் வராது. நம்ம கையில இல்ல அது. எலிக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான்..."

அக்கா ஒரு கடலையை உடைத்தார். பருப்பைக் கூடையில் போட்டார். கோபமே இல்லை முகத்தில். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டார்.

"எனக்கும்தான் மேடம் பயம். கை காலெல்லாம் நடுங்கிச்சு. வேலை பூட்டா அந்த மனுசனுக்கு மாத்திரைக்கு இன்னா பண்றதுன்னு அந்த நிமிசமே நெனச்சேன். நான் தொடலன்னு சொன்னனே. எனக்கு அந்த செல்லு இல்லியா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இந்தத் தடவை அது பயமில்லை.

"திங்கக்கெழம வரேன்னு சார்கிட்ட சொல்லுங்க" என்றார். "வராம இன்னா பண்றது? உக்காருங்க, டீ போடறேன்."

அக்கா எழுந்து உள்ளே போனார். நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு கடலையை எடுத்து உடைக்கப் பார்த்தேன், பருப்பு இரண்டாகப் பிளந்து விதைக்கு ஆகாமல் போயிற்று. உள்ளேயிருந்து அவர் கணவர், "யாரு வந்திருக்கறது?" என்று கேட்டார். "எங்க மேடம்" என்றார் அக்கா.

அந்த 'எங்க' என்ற வார்த்தைக்கு நான் தலை குனிந்தேன். உங்களில் யாருக்காவது அப்படி ஓர் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டால், ஒட்டிக்கொள்ளும், எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும், மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துவிட்டுப் பேசுங்கள். குரல் கீச்சென்று வந்தாலும் பரவாயில்லை. மறுநாள் போய்ச் சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் செல்களைக் காரணம் காட்டிக்கொண்டு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காதீர்கள். நான் நின்றேன். அவர் எனக்கு டீ கொடுத்தார். குடித்தேன்.